பாலத்திலிருந்து 3.2 கிலோமீட்டர்

என் நாட்குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரமாக ஒரு கட்டம் போட்டிருப்பேன். தலைப்பு: தூக்கம். என்னுடைய தூக்கமல்ல, என் மனைவியுடையது.

அவள் சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாக இரவு ஷிப்ட் பார்க்கிறாள். காலையில் பஸ் அவளை எல்லை தாண்டி மலேசியாவில், மாசாயில் எங்கள் தெருமுனையில் இறக்கிவிடும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். அதற்குள் நான் பாசிர் கூடாங்கில் என் ஸ்டோர் அறைக்குள் இருப்பேன். மாலையில் அவள் சொல்ல நான் எழுதிக்கொள்வேன்: படுத்த நேரம், எழுந்த நேரம், எழுந்த காரணம். ரொட்டிக்காரர் ஹார்ன். பழைய பேப்பர் லாரியின் ஒலிபெருக்கி. பக்கத்து வீட்டில் டிரில். ஒரு சனிக்கிழமைக்கு நேராக "கணவர் சாவிக்கொத்தைத் தரையில் போட்டார்" என்று இருக்கும். அதையும் நான்தான் எழுதினேன். அந்தக் கட்டத்திலேயே நீளமான தூக்கம் ஐந்து மணி பத்து நிமிடம். அன்று எங்கள் வட்டாரத்தில் மின்சாரம் இல்லை, டிரில் ஓடவில்லை.

சென்ற டுரியான் பழக் காலத்துக்குச் சற்று முன்பு, அவள் மெஷின் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டாள். சில நொடிகள்தான். ஆனால் மேலாளர் பார்த்துவிட்டார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு முறை நடந்தால் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"எனக்கு மாத்திர வேணாங்க," என்றாள். "ஒரே ஒரு தடவ, யாரும் எழுப்பாம, நானா முழிக்கணும். அவ்வளவுதான்."

அதற்காகத்தான் அந்த மரவீடு. குளுவாங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்கள் முடிந்து காடு ஆரம்பிக்கிற இடம். சனி, ஞாயிறு இரண்டு இரவுகள். எங்கள் மகள்தான் கைப்பேசியில் பார்த்துப் பதிவு செய்தாள். விளம்பரத்தில் "ரஸ்டிக்" என்று போட்டிருந்தது. அகராதியில் பார்த்தேன், நாட்டுப்புறத்தனமான, முரட்டு வேலைப்பாடு கொண்ட என்றிருந்தது.

"வசதி கொஞ்சம் கம்மியா இருக்கும்பா. அதுதான் இப்ப ஃபேஷன்," என்றாள் மகள். அவளுக்குப் பதினெட்டு வயது, கல்லூரி திறக்கக் காத்திருந்தாள்.

வீட்டுக்கார அம்மா ஆங்கிலத்தில் வழி அனுப்பியிருந்தார். நான் அதை அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டேன். செம்மண் சாலையில் இரும்புப் பாலம். பாலத்திலிருந்து 3.2 கிலோமீட்டர். இடது பக்கம் நீலத் தண்ணீர்த் தொட்டி. தரையிலிருந்து உயர்த்தி, மரக்கால் வைத்த மரவீடு. படிக்கட்டுக்குக் கீழே பிஸ்கட் டின்னில் சாவி. காட்டுக்குள் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது என்றும் போட்டிருந்தார். லைன் கிடைக்காது என்பதைப் படித்துவிட்டு என் மனைவி அந்தத் தாளை முத்தமிட்டாள்.

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்தவளை ஜொகூர் பாருவில் பஸ் நிறுத்தத்திலேயே ஏற்றிக்கொண்டோம். ரெங்கத்தில் மச்சான் ஏறினார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். லாரி ஓட்டுகிறவர், இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, இன்ஜின் இல்லாத இடத்திலும் அதே அளவில் பேசுவார். அவரை ஏன் அழைத்தாய் என்று நான் மனைவியிடம் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், காட்டில் பாம்பு வந்தால் பார்த்துக்கொள்வார் என்று அவளே சொன்னாள்.

"மாப்பிள்ளை, இது என்னா பைலு?"

"சாமான் பட்டியல், மச்சான். அறுபத்து நாலு ஐட்டம்."

"ரெண்டு நாளைக்கா? நான் ஒரு சட்டையோட வந்துட்டேன்."

பின்சீட்டில் என் மனைவி கண்ணை மூடியபடி, "அண்ணே, மெதுவா," என்றாள். அவளுக்குக் காரிலும் தூக்கம் வராது. ஒரு ஸ்பூன் கழுவுதொட்டியில் விழுந்தால் எழுந்துவிடுகிறவள்.

இனி தவறு எங்கே நடந்தது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஒரு மணிக்கு இரும்புப் பாலத்தை அடைந்தோம். நான் காரின் தூரமானியைப் பூஜ்யமாக்கி, குறிப்பேட்டில் "1.02, பாலம், 0.0" என்று எழுதிவிட்டுப் புறப்பட்டேன். நானூறு மீட்டர் போனதும் மச்சான், பாலத்துக்குப் பக்கத்தில் பிசாங் கோரேங் விற்றார்கள், வாசம் வந்தது, நீங்கள் எழுதிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை என்றார். திரும்பினேன். அந்தப் பொரித்த வாழைப்பழத்தை வாங்கினோம். மறுபடி புறப்படும்போது தூரமானியில் 0.8 இருந்தது.

"அப்பா, மறுபடி ஸீரோ பண்ணுங்க," என்றாள் மகள்.

"ஸீரோ ஏற்கெனவே எழுதியாச்சு," என்றேன்.

முப்பது ஆண்டுகளாக ஸ்டோரில் இருப்புக் கணக்கு பார்ப்பவன் நான். எழுதிய பூஜ்யத்தை அடித்துவிட்டு இன்னொரு பூஜ்யம் எழுதுவது என் கைக்கு வராது. எண்ணூறு மீட்டர் அதிகம் ஓடிவிட்டது என்பது தெரியும். கடைசியில் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு பிசாங் கோரேங் சூடாக இருந்தது.

தூரமானியில் 3.2 வந்தபோது இடது பக்கம் நீலத் தொட்டி இருந்தது. கால் வைத்த மரவீடு இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே பிஸ்கட் டின்கூட இருந்தது. அதற்குள் கொசுவர்த்தியும் துருப்பிடித்த ஆணிகளும். சாவி இல்லை. ஆனால் கதவிலும் பூட்டு இல்லை, ராஃபியா கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஆகவே கணக்கு நேராயிற்று.

உள்ளே ஒரே அறை. பலகைச் சுவரில் விரல் நுழையும் இடைவெளி. தகரக் கூரை. மெத்தை இல்லை, பலகை மேடையில் பாய். சுவரில் ஒரு பாராங் கத்தி, மூலையில் பிரம்புக் கூடைகள், காய்ந்த டுரியான் தோல்.

"இவ்வளவு ரஸ்டிக்கா?" என்றேன் மகளிடம்.

"போட்டோல மெத்தை இருந்துச்சுப்பா."

"போட்டோன்னா அப்படித்தான் லா," என்றார் மச்சான். "என் கல்யாண போட்டோல எனக்கு முடி இருக்கு."

நான் பட்டியலை எடுத்து இல்லாத பொருள்களுக்குக் குறி போடத் தொடங்கினேன். ஒன்பதாவது குறி போடும்போது மகள் என் சட்டையை இழுத்தாள். என் மனைவி செருப்பைக் கழற்றாமலேயே பாயில் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மணி 1.25.

நாங்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக, படிக்கட்டில் பலகை முனகாத இடமாகப் பார்த்துக் கால் வைத்து, வெளியே இறங்கினோம்.

முதல் டுரியான் 1.40க்கு விழுந்தது. வீட்டிலிருந்து பத்தடி தள்ளி, முள்ளும் கனமுமாய், தொம்மென்று. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தோம். அவள் புரண்டு படுத்தாள். அதன் பிறகுதான் நாங்கள் மேலே பார்த்தோம். சுற்றிலும் டுரியான் மரங்கள். ஒரு மரத்தின் கிளை நேராகத் தகரக் கூரைக்கு மேல் வந்திருந்தது. அதில் ஏழு காய்கள். மகள் எண்ணினாள், நான் சரிபார்த்தேன்.

அப்போது சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். நான் ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதில் நான் அப்படி ஓடியதை என் மகள் அதற்கு முன் பார்த்ததில்லையாம். வளைவில் கையை விரித்து நிறுத்தினேன். எழுபது வயதிருக்கும் ஒரு மலாய்க்காரர், தலையில் சொங்கோக் தொப்பி. இன்ஜினை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். அணைத்தார்.

"தவுக்கே அனுப்பின ஆளா?" என்று மலாயில் கேட்டார்.

"மெதுவாப் பேசுங்க, பாக்சிக்," என்றேன் கிசுகிசுப்பாக. வயதான மலாய்க்காரர்களை அப்படித்தான் அழைப்போம்.

அவரும் உடனே கிசுகிசுத்தார். "புலியா?"

"இல்ல. என் மனைவி தூங்குறா."

நான் புலி என்றே சொல்லியிருந்தாலும் அவர் அவ்வளவு கவனமாகத் தலையாட்டியிருக்க மாட்டார். பிறகு இருவரும் கிசுகிசுத்தபடியே விஷயத்துக்கு வந்தோம். இது வாடகை வீடு இல்லை. அவருடைய டுரியான் தோப்பின் காவல் குடிசை. காலத்தில் ஆட்கள் இங்கே தங்கி, பழம் விழ விழப் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் குரங்கும் காட்டுப்பன்றியும் முடித்துவிடும். இருந்த இரண்டு பேரும் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பழம் எடுக்கும் வியாபாரியான தவுக்கே வேறு ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவர்கள்தான் என்று நினைத்துவிட்டார். வாடகை மரவீடு இன்னும் எண்ணூறு மீட்டர் தள்ளி. அங்கேயும் நீலத் தொட்டி. மெத்தை உண்டு. ஏர்கண்டிஷன் உண்டு.

எண்ணூறு மீட்டர் என்று அவர் சொன்னபோது என் காதில் சூடு ஏறியது.

குடிசைக்கு வந்து மகளிடமும் மச்சானிடமும் சொன்னேன். மச்சான் வாயைத் திறந்தார். மகள் எட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"எழுப்பிக் கூட்டிட்டுப் போயிரலாமாப்பா?" என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். முறைப்படி நாங்கள் வேறொருவர் இடத்தில் இருக்கிறோம். முறைப்படி உடனே வெளியேற வேண்டும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் படுத்து முப்பத்தைந்து நிமிடம்.

"பாக்சிக்," என்றேன், "உங்களுக்கு எப்ப வரைக்கும் ஆள் வேணும்?"

அவருக்கும் அந்தக் கல்யாண விருந்துக்குப் போக வேண்டியிருந்தது. காலை வரை நாங்கள் காவல் இருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கிக்கொள்ளட்டும் என்றார். விதிகள் மூன்று சொன்னார். மரத்தில் கை வைக்கக் கூடாது, தானாக விழுவதை மட்டும் எடுக்க வேண்டும். விழுந்ததும் எடுக்க வேண்டும். தலையை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு மோட்டார் சைக்கிளை வளைவு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

தொழிற்சாலை ஹெல்மெட் ஒன்று எப்போதும் என் கார் பூட்டில் இருக்கும். அதை மகளுக்குக் கொடுத்தேன். ஐஸ்பெட்டியின் மூடியை நாடாவால் என் தலையில் கட்டிக்கொண்டேன். மச்சான் சமையல் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டார். அது பட்டியலில் இருபத்திரண்டாவது ஐட்டம். பிடி இரண்டும் காதுக்கு நேராக வந்து பொருத்தமாகவே இருந்தது.

மகள் கைச்சைகைகள் ஏற்படுத்தினாள். ஒரு விரல், பழம் விழுந்தது. இரண்டு விரல், குரங்கு. முஷ்டி மூடினால் அம்மா அசைகிறாள், எல்லாரும் நிற்க வேண்டும். மூன்றாவதுதான் அதிகம் பயன்பட்டது.

ஆனால் கூரைக்கு மேலிருந்த அந்த ஏழு காய்கள் என்னை விடவில்லை. மண்ணில் விழும் பழத்துக்குப் புரண்டு படுக்கிறவள் தகரத்தில் விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். குடிசைக்குப் பின்னால் ஒரு மூங்கில் ஏணி கிடந்தது. மகளைக் கீழே நிறுத்தி, மேலே மட்டும் பார், காய் அசைந்தால் என் காலைத் தட்டு என்று சொல்லிவிட்டு ஏறினேன். மூன்று தலையணைகள், இரண்டு போர்வைகள், மழைக்கோட்டுகள், காரின் சீட் மெத்தைகள், மச்சான் இடுப்பில் கட்டும் ஒரே மாற்றுச் சாரம் எல்லாவற்றையும் கூரையில் பரப்பினேன். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நான்கு விரல் ஏறியிருக்குமாறு பார்த்துக்கொண்டேன்.

3.20க்குக் கூரையில் முதல் காய் விழுந்தது. துப் என்று ஒரு சத்தம், மெத்தையில் குழந்தை விழுந்த மாதிரி. மச்சான் என்னைக் கட்டிக்கொண்டார். சட்டியும் ஐஸ்பெட்டி மூடியும் மோதின. மகள் முஷ்டியை மூடினாள்.

நாலு மணி அளவில் குரங்குகள் வந்தன. பதினான்கு. டுரியானை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராகத் தலையணைக்குப் போயின. அங்கேதான் மச்சானின் அருமை எனக்குத் தெரிந்தது. மலைமேல் லாரி நின்றுவிட்டால் ஹார்னே தேவைப்படாத தொண்டை அவருக்கு. அந்தத் தொண்டையை மூடிக்கொண்டு, சட்டியைத் தலையில் வைத்தபடி, இரண்டு கைகளையும் விரித்து, காலைத் தூக்கித் தூக்கி, பல்லை இளித்து, கண்ணை உருட்டி, ஒரு சொல் பேசாமல் அந்தக் குரங்குகளைத் திட்டினார். உதடு அசைவிலிருந்தே என்ன சொல் என்று எனக்குத் தெரிந்தது. மகளைத் திரும்பிக்கொள்ளச் சொன்னேன். பெரிய ஆண் குரங்கு ஒன்று கூரை ஓரத்தில் உட்கார்ந்து அவரைக் கவனமாகப் பார்த்தது. பிறகு அதுவும் எழுந்து நின்று கையை விரித்தது. கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே ஆடினார்கள். மேலிருந்து ஒரு பழம் மச்சானின் சட்டி ஓரத்தில் உரசி மண்ணில் விழுந்தது. அவர் ஒரு சத்தமும் போடவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. குரங்கு அதைப் பார்த்துவிட்டு, ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு, மற்றவற்றையும் அழைத்துக்கொண்டு போய்விட்டது.

"அடி பட்டுச்சா மாமா?" என்று மகள் வாயசைத்துக் கேட்டாள்.

அவர் சட்டியைக் கழற்றிக் காட்டினார். ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. தலைக்கு ஒன்றுமில்லை.

பொழுது சாய்ந்ததும் சாப்பாடு. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் செபத்தைப் பாட்டாகப் பாடுவது வழக்கம். தலைமை தாங்குவது எப்போதும் மச்சான்தான். அன்று அதை உதட்டால் மட்டும் பாடினோம். மகளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பாக்சிக் உண்ணச் சொல்லியிருந்த இரண்டு பழங்களைத் தின்றோம். முறை வைத்துக்கொண்டு காவல் இருந்தோம். நான் ஒவ்வொரு பழத்துக்கும் நேரம், மரம், விழுந்த இடம் மூன்றையும் எழுதினேன்.

விடியும்போது பாக்சிக் வளைவிலிருந்தே மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடைகளைக் காட்டினேன்: ஐம்பத்தேழு பழங்கள். பட்டியலை நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார்.

"எனக்கு நாப்பது வருஷத் தோப்பு," என்று கிசுகிசுத்தார். "எந்த மரத்துல எப்ப விழுதுன்னு இப்பத்தான் தெரியுது." பிறகு கூரையைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார். "இன்னும் தூக்கமா?"

"இன்னும்."

7.10க்குப் பலகை முனகியது. நாங்கள் நால்வரும் திரும்பினோம். என் மனைவி படிக்கட்டின் மேல் நின்றிருந்தாள். எந்தப் பழமும் விழவில்லை, எந்தக் குரங்கும் இல்லை, ஒரு பறவைகூடக் கத்தவில்லை. பாயின் கோடுகள் கன்னத்தில் பதிந்திருந்தன. முகம் உப்பியிருந்தது, வயது குறைந்து தெரிந்தது.

"மணி என்னங்க?"

"ஏழு பத்து."

"ராத்திரியா?"

"காலையில."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். நான் சொன்னேன்: பதினேழு மணி நாற்பத்தைந்து நிமிடம். அவள் படியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். மச்சான் அவசரமாகச் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஒரு கனவு," என்றாள் கையை எடுத்து. "அண்ணன் தலையில சட்டி வச்சிக்கிட்டு குரங்கோட டான்ஸ் ஆடுது. பலகைச் சந்துல பாத்த மாதிரி அவ்வளவு தெளிவா."

எனக்குள் ஒரு சிக்கல் எழுந்தது. நாலு மணிக்கு அவள் விழித்துப் பார்த்திருந்தால் என் கணக்கு இரண்டாக உடைந்துவிடும்.

"கனவுதாம்மா," என்றாள் மகள்.

"நான் எங்க டான்ஸ் ஆடுனேன்?" என்றார் மச்சான், இரவெல்லாம் அடக்கிய குரலில். காடே அதிர்ந்தது.

அவள் தேநீர் போடச் சட்டியைக் கேட்டாள். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது ஏன் சப்பையா இருக்கு?"

"ரஸ்டிக்," என்றார் மச்சான்.

அவள் தேநீர் குடித்தாள். மூன்று துண்டு ரொட்டி தின்றாள். பிறகு, இன்னும் ஒரு நாள் இருக்கிறதல்லவா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் பாக்சிக்கிடம் போனேன். இப்போது கிசுகிசுக்கத் தேவை இல்லை, ஆனாலும் பழகிவிட்டது.

"இன்னொரு நாள் காவலுக்கு ஆள் வேணுமா?"

"போலே," என்று கிசுகிசுத்தார் அவர். தாராளமாக என்று அர்த்தம்.

நாட்குறிப்பின் கட்டத்தில் அன்று காலை "எழுந்த காரணம்" என்ற இடத்துக்கு வந்தபோது பேனா சற்று நின்றது. நாலு மணியை நினைத்தேன். பிறகு "தானாக" என்று எழுதினேன். அதற்கு முன்னால் அந்தச் சொல்லை அங்கே எழுதியதில்லை.

திங்கட்கிழமை பகலில் புறப்பட்டோம். ஒரு தலையணை தவிர அறுபத்து மூன்று ஐட்டங்களும் சரியாக இருந்தன. இரும்புப் பாலத்தில் ஏறியதும் லைன் வந்து என் கைப்பேசி ஒலித்தது. நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் மனைவி எடுத்துப் படித்தாள். வீட்டுக்கார அம்மா.

"'இவ்வளவு சுத்தமான விருந்தாளிகளை நான் பார்த்ததே இல்லை. போர்வையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. யாருமே தங்காத மாதிரி இருக்கிறது. மிக்க நன்றி.'" அவள் கைப்பேசியை மடியில் வைத்தாள். "பாத்தீங்களா, உங்க ஒழுங்குக்கு இப்பவாவது ஒருத்தங்க நன்றி சொன்னாங்க."

பின்சீட்டில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சான் இருமத் தொடங்கி, பாலம் முடியும் வரை இருமினார்.

"அடுத்த லீவுக்கும் இதே வீட்ட புக் பண்ணுங்க," என்றாள் என் மனைவி.

"சரி," என்றேன்.

ரெங்கத்தில் மச்சானை இறக்கிவிட வண்டியை நிறுத்தியபோது, அவள் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். நான் ஓசைப்படாமல் குறிப்பேட்டைத் திறந்து, சனிக்கிழமைப் பக்கத்தில் அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே எழுதினேன்: பாலத்திலிருந்து 2.4 கிலோமீட்டர்.